பென்சில் தாத்தா

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார் கணக்காளர். முகத்தில்தான் திருட்டு முழி அப்படியே இருந்தது.

"யாருங்க போன்ல?"

"ஆபீஸ்."

"ஞாயித்துக்கிழமையா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். "மழலை எந்த மட்டுல இருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான். நீ போய் உன் வேலையைப் பாரு."

'மழலை' என்பது புதிதாகத் திறக்கப்போகும் குழந்தைகள் துணிக்கடை. அதன் பெயரைத் தூரிகையால் எழுதித் தந்தவள் மனைவி. வாழ்த்து அட்டைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கடையின் முகப்புப் பலகை கிடைப்பது இதுதான் முதல் தடவை.

கடைக்கார அம்மாளோ, "பேப்பர்ல குடுத்தா பலகை செய்யறவர் வாங்க மாட்டேங்கறார். எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத மாதிரி கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"நான் வேணும்னா..." என்று மனைவி ஆரம்பித்ததும், "உனக்கெதுக்கு அந்தத் தொல்லை? கம்ப்யூட்டர்தானே, என்கிட்ட விடு" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நம் ஆள். தூரிகையைத் தவிர அவளுக்கு வேறு எதையும் தொடத் தெரியாது என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. ஆயுசு முழுக்கக் கம்ப்யூட்டரில் கூட்டிக் கழித்தவருக்கு மூன்று எழுத்து எம்மாத்திரம்!

மூன்று எழுத்தும் அவருக்குத் தண்ணி காட்டின. எழுத்தின் ஓரத்தில் புள்ளி வைத்து இழுத்தால் கோடு வளையும் என்றார்கள். வளைந்தது, அவர் நினைத்த பக்கம் மட்டும் வளையவில்லை. 'ம' ஒருவழியாக வந்து சேர்ந்தது. 'ழ' வயிறு உப்பி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நின்றது.

தெரியவில்லை என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த வித்தையைக் கற்றுக்கொள்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அந்த 'ழ'வைப் படம் பிடித்துப் போட்டு, "யாராவது காப்பாத்துங்க" என்று காலையில் எழுதியிருந்தார். காப்பாற்ற வந்தவர் வைத்திருந்த பெயர் 'பென்சில் தாத்தா'.

மனைவி சமையலறைக்குப் போனதும் செல்போனைத் திருப்பினார். தாத்தா கேட்டிருந்தார்: "தம்பி, அந்த ஒரு எழுத்துக்கு எத்தனை புள்ளி வெச்சீங்க?"

"நாப்பது இருக்கும்."

"அது எழுத்தா, அம்மை போட்ட முகமா? எல்லாத்தையும் அழிங்க. கோடு திரும்பற இடத்துல மட்டும் வைங்க."

அழித்தார், வைத்தார். வயிறு வற்றியது. ஆனால் வால் சுருண்டுகொண்டது.

"தாத்தா, வால் போச்சு!"

"பதறாதீங்க. இழுக்கும்போது... இருங்க, அடுப்புல பால்."

அப்புறம் கொஞ்ச நேரம் தாத்தாவைக் காணோம். கணக்காளர் நகத்தைக் கடித்தார். பாவம், இந்த வயதில் தானே பால் காய்ச்சிக் குடிக்கிறாரே என்று மனசு இளகவும் செய்தது.

தாத்தா திரும்பி வந்து சொன்னபடி இழுத்ததில் வால் நிமிர்ந்தது. மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்து, "கொஞ்சம் அடிபிடிச்சிடுச்சு, கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் எங்கே அதையெல்லாம் கவனித்தார்? 'லை' பாதி வந்திருந்தது.

முடித்ததும் திரையைப் படம் பிடித்துத் தாத்தாவுக்கு அனுப்பினார். "பிரமாதம் தம்பி! 'ழ' வயித்துக்கு நடுவுல மட்டும் ஒரு புள்ளி வேண்டாத விருந்தாளியா உக்காந்திருக்கு. அதை அழிச்சிட்டு அனுப்புங்க" என்று பதில் வந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் தாத்தா. என் பொண்டாட்டி முன்னாடி என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க."

"இருக்கட்டும். அவங்களை நல்லா பாத்துக்கங்க."

அந்தப் புள்ளியை அவர் அழிக்கவில்லை. தொட்டால் வயிறு மறுபடி உப்பிவிடுமோ என்று பயம். அச்சில் தெரியாத புள்ளியை எவன் பார்க்கப் போகிறான்? அப்படியே கடைக்கு அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் கடைக்கார அம்மாள் மனைவியைப் போனில் கூப்பிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா. இனிமே எங்க கடைக்கு எல்லா எழுத்தும் நீங்கதான்" என்றார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அச்செடுத்த தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று எழுத்தும் வழவழவென்று இருந்தன.

"பாத்தியா? நான் ஒருத்தனா உக்காந்து, யார் உதவியும் இல்லாம..." என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் கணக்காளர்.

"உங்களை விட்டா யாரால முடியும்?" என்றவள், 'ழ'வின் வயிற்றை விரலால் மெல்லத் தடவியபடி கேட்டாள்.

"அந்த நடுப் புள்ளியை அழிச்சீங்களா, தம்பி?"