இடது தோள்

ரக்பி ஆட்டக்காரர்கள் இப்போது அவரவர் வீட்டிலிருந்தே ஆடுகிறார்கள். ஸ்க்ரம்மில் தோளோடு தோள் கோத்துத் தள்ளும்போது, பக்கத்து ஆளின் அழுத்தம் ஆட்டச் சட்டை வழியாக வரும். இன்பராஜுக்குப் பதினோரு வருடமாக இடது பக்கம் செல்லப்பாதான். நேரில் பார்த்ததில்லை. தள்ளுவதற்கு முன் செல்லப்பா தோளால் இருமுறை மெல்ல இடிப்பார். தனியாளான இன்பராஜை வாரம் முழுக்க இன்னொரு மனிதர் தொட்டதென்றால் அதுதான்.

ஓய்வுக்கு முன் தன் கடைசி ஆட்டத்தையாவது அவரோடு ஒரே அறையில் ஆடலாமென்று, சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டச் சட்டையோடு தூத்துக்குடிக்குப் போனார். கதவைத் திறந்தது செல்லப்பாவின் மனைவி மரகதம்.

"அவுக தவறி ரெண்டு வருசம் ஆச்சேண்ணே."

"போன ஞாயித்துக்கெழமகூட எங்கூடத்தானம்மா தள்ளுனாரு."

மரகதம் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். "அவுக போன பெறவு, அவுக ஆட்டத்தையெல்லாம் பதிஞ்சு வச்சிருக்கோம்னு கிளப்புக்காரங்க கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. எதுக்குன்னு நான் கேக்கல." பிறகு மெதுவாகக் கேட்டாள். "இப்பவும் ரெண்டு தடவ இடிக்காகளா?"

"ஆமாம்மா."

"அடுப்படியில எங்கிட்டயும் அப்படித்தான்."

ஆட்ட நேரம் வந்ததும் இன்பராஜ் தன் ஆட்டச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, வெறுந்தோளோடு சுவரோரம் போய் நின்றார். முதல் ஸ்க்ரம்முக்குச் சட்டையில் விசில் ஒலித்தது. மரகதத்தின் இடது தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இன்னொரு முறை.