முதலில் எழுந்த ஆளுநர்

"போச்சு! எந்திரிச்சிட்டாரு!" என்றார் மேயர் கிளிஃபர்ட். அவர் கையில் பன்னிரண்டு பக்கப் பேச்சு அப்படியே இருந்தது.

மணி ஏழேகால்தான். கடைசியில் பரிமாறும் ப்ளூபெர்ரி பை என்ற பழப் பலகாரத்தைக் கூட இன்னும் வெட்டவில்லை.

எழுந்தவர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாண ஆளுநர் எட்மண்ட் டுவாரன். எங்கள் ஊர்க்காரர். சிங்கி இறால் ஆலை முதலாளியாக இருந்தவர். மன்னரின் பிரதிநிதியாக அவரை அறிவித்த அன்று ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. அவர் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் இறால் உரித்தவள் நான். எனக்குப் பெருமை இருக்காதா?

ஆளுநர் விருந்து என்றால் ஒரு மரபு உண்டு. அவர்தான் கடைசியாக வருவார், முதலில் போவார். அவர் போகும்வரை யாரும் கிளம்பக் கூடாது.

இன்று தீயணைப்புப் படை விருந்து. முப்பது வருஷம் சம்பளமே வாங்காமல் நெருப்போடு மல்லுக்கட்டிய ஜெர்மேன் என்ற பெண்ணுக்கு ஆளுநர் கையால் பதக்கம். அதை அவள் சட்டையில் குத்திவிட்டு இரண்டு வாய் சாப்பிட்டார், எழுந்துவிட்டார்.

"மேதகு ஆளுநர் அவர்களே, என் பேச்சு..."

"தபால்ல அனுப்புங்க கிளிஃபர்ட், நிதானமா படிக்கிறேன்."

கதவு சாத்தியதும் மேயர் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா கார்மெல், உன் முதலாளிய? பதவி வந்ததும் நம்ம ஊரு சோறு இறங்கல!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு துண்டு ப்ளூபெர்ரி பையை வெட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

வாசலில் ஜெர்மேன் என்னை இடித்துக்கொண்டு ஓடினாள். கோட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது. அவள் கார் சீறிக்கொண்டு போனது.

ஆளுநரின் கார் படகுத்துறை ஓரம் விளக்கணைத்து நின்றது.

"என்ன முதலாளி, அடுத்த விருந்துக்கு நேரமாகலையா?"

"எந்த விருந்து? ஜெர்மேன் போயிட்டாளா?"

"இப்பத்தான் போறா. ஏன்?"

"அப்பாடா! முதியோர் இல்லத்துல அவ புருஷன் ஃபிடேல் எட்டு மணிக்குத் தூங்கிடுவான். மறதி நோய் வந்ததுல இருந்து, பொண்டாட்டின்னு அவளை அடையாளம் தெரியறதே தூங்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு மணி நேரந்தான். பதக்கத்தை அவன் பார்க்க வேணாமா? குத்தும்போதே அவ கண்ணு கடிகாரத்துலதான் இருந்துச்சு."

"இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே! மேயர் உங்களை என்ன பேச்சு பேசுறார் தெரியுமா?"

"பேசட்டும். சொல்லியிருந்தா எல்லாரும் அவளைப் பாவம்னு பார்த்திருப்பாங்க. இன்னிக்கு அவ ராணி மாதிரி உட்கார்ந்திருந்தா, அது போதும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெட்டியை நீட்டினேன். கையாலேயே எடுத்துக் கடித்தார்.

"ஆலையில கடைசி ஆள் வீட்டுக்குப் போறவரை நான் கிளம்பினதே இல்ல, கார்மெல். இந்த வேலையில நான் முதல்ல கிளம்பினாத்தானே ஆளுங்க வீட்டுக்குப் போக முடியுது!"