ஜாமீனுக்கு ஒரு ஆள்

இடுப்பிலிருந்து பிடரி வரை கொதித்தது. மூன்று மைல் நடை, பாதிக்கு மேல் மணல்.

குடிக்காமல் அது நாலாவது நாள். கை நடுங்கியது. தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற பெஞ்சு. என் முட்டு நெஞ்சில் இடித்தது. சுவரில் மகாராஜா படத்தைக் கழற்றிய இடம் வெள்ளைச் சதுரமாக இருந்தது.

மதுவிலக்குச் சங்கம் என்றார்கள். பதினொரு பேர். பத்துப் பேரோடு நான் குடித்திருக்கிறேன். இப்போது எண்ணெய் வைத்துத் தலை சீவி, என்னை எங்கேயும் பார்த்ததே இல்லை என்பதுபோல் இருந்தார்கள்.

எனக்கு வர இஷ்டமில்லை. இப்படி ஒரு சங்கம் இருக்கிறதென்று விசாரித்துக் கண்டுபிடித்தது என் பெண்சாதியின் அண்ணன் முத்துநாயகம். அன்னக்கிளியும் பிள்ளைகளும் அவன் வீட்டில்தான் இருந்தார்கள். சங்கத்து நோட்டில் என் பெயர் ஏறாமல் அவர்களை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

இப்போது அவன் என் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். வழி நெடுக என் காதுக்குள்ளேயே வைதுகொண்டு வந்தவன், இங்கே வாயைத் திறக்கவில்லை.

உபதேசியார் ஞானதாசன் ஜெபத்துக்கு எல்லோரையும் எழும்பச் சொன்னார். முத்துநாயகம் எழும்பவில்லை. அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் உபதேசியார் என் கலயத்தைக் கேட்டார். சேர வருகிற பனையேறி கையோடு ஒரு கலயம் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். உள்ளே விரலை விட்டு வழித்து, சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாவிட்டால் கள்.

"ஒரு கலயத்தப் பாத்து என்னத்துக்கு உபதேசியாரே?" என்றான் முன் பெஞ்சில் இருந்த வைகுண்டராஜன். "இவனுக்கு முப்பது பனை. இருவத்தொம்பதுக்குச் சுண்ணாம்பு தேய்ப்பான். மிச்சம் ஒண்ணு இவனுக்கத் தாய்ப்பாலு."

சிரித்தார்கள். உண்மைதான். அது எந்தப் பனை என்று வைகுண்டராஜனுக்கும் தெரியும். அதன் அடியில் என்னோடு உருண்டவன்.

"இவனுக்க சாமி சுடலையே சாராயம் குடிச்சிட்டுத்தான் ஆடும். இவன் எங்க நிறுத்த?"

அவன் பல்லை உடைக்கலாம் போலிருந்தது. எழும்பிப் போயிருப்பேன். தனியாகப் போக முடியாது.

உபதேசியார் மேசையைத் தட்டினார். புதிய ஆளுக்கு ஒருத்தன் ஜாமீன் சொல்ல வேண்டும். அவன் மறுபடி குடித்தால், அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டியது ஜாமீன்காரன். ஜாமீன் இல்லாதவன் பெயர் நோட்டில் ஏறாது.

பதினொரு பேரும் சுவரில் இருந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார்கள்.

கிளம்பலாம் என்று நான் கலயத்தைக் கையில் எடுத்தேன்.

"ஜாமீன் நான் சொல்லுதேன்," என்றான் முத்துநாயகம்.

வைகுண்டராஜன் திரும்பினான். "ஒமக்குக் கிறுக்கா வேய்? எல்லாரையும் விட்டுட்டு நீரா இவனுக்கு?"

முத்துநாயகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவன் யோக்கியன்னு நான் சொல்ல மாட்டேன். இவன் வீட்டுத் தண்ணி எனக்கு ஆகாது. ஆனா ஞாயித்துக்கெழம தோறும் இவன்தான் என்னச் சொமந்து இஞ்ச கொண்டுவரணும். மணல்ல எனக்கக் கக்கத்துக் கம்பு எறங்கிரும். குடிச்சிட்டு வந்தாம்னா வழியில என்னப் போட்டுருவான். ஒரு ஞாயிறு நான் வரலேன்னா தெரிஞ்சுக்கிடுங்க."

உபதேசியார் நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். சுடலையாண்டி.

அந்திக்குப் பனையேற நேரமாகியிருந்தது. நான் பெஞ்சுக்கு முன்னால் குனிந்தேன். முத்துநாயகம் ஒற்றைக் காலை ஊன்றி எம்பி என் முதுகில் ஏறினான். கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். நெரிக்கிற பிடி.

"நடலே," என்றான் காதுக்குள்.

போன சித்திரையில் நான் அந்த ஒற்றைப் பனைக்கு அடியில் மப்பில் கிடந்தேன். மற்றப் பனைகளில் கலயம் வழிந்துவிடுமே என்று எனக்காக ஏறினவன் அவன். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கும் தளைநாரும் என்னுடையதுதான் மாட்டினான். அது இற்றுப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நாளைக்கு முறுக்கலாம், நாளைக்கு முறுக்கலாம் என்று குடித்துக்கொண்டிருந்தேன். உச்சியில் வைத்து அறுந்தது.

மணலில் இறங்கினேன். இடது கையில் அவன் கால் இருந்தது. வலது கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதில் கலயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கால். நான் அவனுக்குத் தர வேண்டியது அது.