ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்

"கரண்ட் எனக்கும் வேணும்தான் தம்பி. ஆனா அந்தத் தெருவுக்குள்ள போயிட்டு என் வீட்டுக்கு வரக் கூடாது" என்றார் மிராசுதார் ஐயாவு.

அந்தத் தெரு என்றால் சேரி, கூலியாட்கள் தெரு. போன அறுவடையில் கூலி உயர்வு கேட்டு அவர் வயலிலேயே செங்கொடி நட்டவர்கள்.

ரோட்டிலிருந்து கம்பி அவர் வயலைத் தாண்டி, அந்தத் தெருவுக்குள் புகுந்து, அப்புறம்தான் அவர் வீட்டுக்கு வரும். வயலில் கம்பம் நட அவர் கையெழுத்து வேண்டும். சாதி ஒழிப்பு பேசிய கட்சி ஆட்சிக்கு வந்து மூன்று வருஷமாகியும் தீட்டு மட்டும் மாறவில்லை, பாவம்.

கம்பி இழுக்க வந்த மின்வாரிய ஜூனியர் இன்ஜினியர் செல்லதுரை யோசித்தான். சட்டம் பேசினால் மனுஷன் கோர்ட்டுக்குப் போவார். தெரு இன்னும் பத்து வருஷம் இருட்டில் கிடக்கும்.

பேனாவை எடுத்தான். கம்பியின் கனம், ஓடுகிற ஆம்பியர், அலுமினியத்துக்குள் அடைந்து கிடக்கும் எலக்ட்ரான் கூட்டம். பெருக்கினான், வகுத்தான்.

"ஐயா, கம்பிக்குள்ள ஓடுறது எலக்ட்ரான். இடிபட்டு இடிபட்டு ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்தான் நகரும். அங்கேர்ந்து உங்க வீடு முந்நூறு மீட்டர். வந்து சேர பத்து மாசம்."

"சுவிட்சைப் போட்டதும் எரியுதே?"

"மதகைத் திறந்தா ரொம்பி நிக்கிற வாய்க்கால்ல கடைமடைத் தண்ணியும் நகருதில்ல? அப்படித்தாங்க. எரிக்கிறது உங்க வீட்டுக் கம்பியில முன்னாடியே இருக்கிறது."

ஐயாவு விரலை மடக்கினார். சாவுத் தீட்டே பதினாறாம் நாள் கழிந்துவிடுகிறது. இது பத்து மாசம்! காய்ந்து சருகாகியிருக்காதா?

கையெழுத்து விழுந்தது.

வரப்போவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. கரண்ட்; அதில் எலக்ட்ரான் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுமே தவிர, எங்கேயும் போகாது. அதைச் செல்லதுரை சொல்லவில்லை. வராததுக்கு எதுக்கய்யா பில் என்று கேட்டுவிட்டால்?

சந்தோஷத்தில் அவனைக் கூடத்துக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தார். வெள்ளி டம்ளரில் காபி வந்தது. செல்லதுரை வாய் வைத்து, உறிஞ்சி, கசடு வரை குடித்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"குடவாசல் பக்கங்க."

"அங்க எந்தத் தெரு?"

செல்லதுரை கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்தான்.

"இதே மாதிரி தெருதாங்க. அங்க இன்னும் கரண்ட் வரலை."

ஐயாவு டம்ளரைப் பார்த்தார். அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.