அவருக்குப் பிடித்த ரேடியோ

ராயபுரத்தில் பழைய சாமான் கடை நடத்தும் சௌக்கத் அலிக்கு இப்படி ஒரு கிராக்கி வாய்த்ததே இல்லை.

“எங்க வூட்டுக்காரருக்கு வால்வு ரேடியோன்னா உசுரு, பாய். ஷார்ட்வேவ் புடிக்கிற மாரி ஒண்ணு குடு” என்றாள் மீன்காரி கோவிந்தம்மா.

இருப்பதிலேயே நல்ல பெட்டியைப் போட்டுக் காட்டினார். வால்வு சூடேறியதும் பாட்டு கணீரென்று வந்தது.

“இது வாணாம். மூலையில கீதே, அது?”

“அது பேஜாரும்மா. கொர்ருனு ஒரே இரைச்சல். ஒரு வால்வு மாத்துனா இன்னொண்ணு பூடும்.”

“ராவெல்லாம் பிரிச்சுப் போட்டு நோண்டிகினே இருப்பாரே?”

“வூட்ல ஒருத்தரும் தூங்க முடியாது!”

அவள் முகம் மலர்ந்தது. “அதையே கட்டு.”

புருஷனுக்காகத் தன் தூக்கத்தையே விடுகிறாளே என்று சௌக்கத் அலி உருகிப்போனார். பெட்டியைத் துடைத்துக் கயிறு சுற்றினார்.

“ஆட்டோல ஏத்திடறேன். வூடு எங்கம்மா?”

“என் வூட்டுக்கு இல்ல பாய், எண்ணூருக்கு. போன மாசம் என்னை வுட்டுட்டு அங்க ஒருத்தியோட குடித்தனம் பூட்டாரு.”

அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

“‘உன் புருசனுக்கு இன்னா புடிக்கும்னே உனக்குத் தெரியல’ன்னு மார்க்கெட்ல நாலு பேர் முன்னாடி கேட்டா பாய், அவ.” கோவிந்தம்மாவே முடிச்சை இழுத்து இறுக்கினாள். “என் சீருன்னு சொல்லி எறக்கு. கண்ணாலம் ஆன நாள்லருந்து நான் தூங்கல. இனிமே அவ முழிச்சிகினு கெடக்கட்டும்.”