கதவை மறித்த கதிரை

தொழில்முறைக் கனேடியன் ஃபுட்பால் அணி ஒன்றுக்குப் புது வீரர்களைத் தேடிக் கொடுப்பவர் தயாபரன். இளம் வீரர்களை அணிகள் தெரிவு செய்யும் நாள் நெருங்கியபோது, ஆரூரனை மறுபடியும் தன் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வாசலில் குனிந்தே நுழைய வேண்டிய உடம்பு அவனுக்கு. எதிராளிகளை முட்டித் தள்ளி, பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவது அவன் வேலை. ஆனால், இவ்வளவு சாதுவானவன் வேண்டாம் என்று தலைமைக் கோச் சொல்லிவிட்டிருந்தார்.

“உனக்குக் கோபமே வராதோ தம்பி?”

ஆரூரன் யோசித்தான். “வரும் அண்ணை. எப்ப வந்ததெண்டுதான் ஞாபகமில்லை.”

கோபம் தயாபரனுக்குத்தான் வந்தது. கதிரையை வாசலில் இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“இனி என்னைத் தாண்டி வெளியில போ, பாப்பம்.”

“விழுந்திடுவியள் அண்ணை.”

“முடிஞ்சா விழுத்தன்!”

அவன் குனிந்தான். கதிரையின் கால்கள் தரையை விட்டு எழும்பின. தயாபரன் ஒரு பக்கமும் சாயாமல், வீதியுலா வரும் சாமிபோல அலுவலகத்தின் நடைபாதையில் மிதந்து வந்தார். கோப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“எங்க இறக்கிறது அண்ணை?” அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

தயாபரன் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

“இறக்காதை! கோச்சின்ர அறை அந்தத் தொங்கல்ல, கடைசியா இருக்கு. நட.”