திட்டாத மனைவி

கணவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வருவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வீட்டுக்குள் நுழைந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

பொறுங்கள் என்பதுபோல் கையை மட்டும் காட்டினாள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, அவள் கண்ணெதிரிலேயே டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார். மற்ற நாளாக இருந்தால் வீடே இரண்டுபட்டிருக்கும். இன்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் எறிந்தார். அதையும் சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. போகப்போகிற மனுஷன், இருக்கிறவரை இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்!

"டாக்டர் எத்தனை நாள் கெடு குடுத்திருக்கார்? மறைக்காம சொல்லிடும்மா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போன பிறகு பொண்ணு வீட்டுக்குப் போயிடு. இத்தனை வருஷமா உன்னை ரொம்பப் படுத்திட்டேன். ஒரே ஒரு தடவை, பழையபடி என்னைத் திட்டேன்!"

அவள் கையை உதறிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பல்வலி தாங்காம, போன இடத்துலயே பல்லைப் புடுங்கிட்டு வந்திருக்கேன். பஞ்சை எடுக்கிறவரை வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வலியில உயிர் போகுது, நீங்க வேற!"

"அப்போ... என் ரிப்போர்ட்?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! வாங்கவே மறந்துட்டேன்!"